ஒரு குடும்பத்துக்கு ஒரு கிண்ணம்

அக்டோபர் 19

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நாங்க பத்திரமா வந்து சேர்ந்தோம். உன் அத்தானுக்கு ரயில்லயே முட்டி வலி ஆரம்பிச்சுடுச்சு. ஜன்னல் சீட்டு கிடைச்சிருந்தா வலிச்சிருக்காது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உன் சளி எப்படி இருக்கு? மருந்து குடிச்சியா, இல்லை பாட்டிலைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கியா?

சரி, விஷயத்துக்கு வரேன். கிளை ஆபீஸ்ல இன்சூரன்ஸ் க்ளெய்ம் எல்லாம் மலையாக் குவிஞ்சு கிடக்கு, ஆறு மாசம் இருந்து முடிச்சுக் கொடுத்துட்டு வாங்கன்னு மேனேஜர் சொன்னப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது வீடும் இல்லை, நீயும் இல்லை. என் மூணு கிண்ணம்தான். அதுக்காகத்தான் உன்னை என் வீட்ல வந்து இருக்கச் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு எந்த வீடா இருந்தா என்ன, ஏறி இறங்கறதுதானே பொழப்பு.

மறுபடியும் சொல்றேன், கவனமாப் படி. கிண்ணத்துல இருக்கறது ஹயசிந்த் கிழங்கு. குளத்துல மிதக்கற ஆகாயத்தாமரை இல்லை, அது வேற. பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கும், ஆனா வெங்காயமும் இல்லை. உன் அத்தான் ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டுக் கத்தியைத் தேடினதை நான் இன்னும் மறக்கலை. கூழாங்கல்லு மேல உட்கார வச்சிருக்கேன். தண்ணி கிழங்கோட அடியைத் தொட்டும் தொடாம நிக்கணும். முங்கினா அழுகிடும். ஜனவரி வரைக்கும் இருட்டு வேணும், குளிர் வேணும். என் துணி அலமாரிதான் அதுங்களோட இடம். வேர் இறங்கி, முளை மூக்கு மாதிரி நீட்டி, மொட்டு எட்டிப் பார்த்தப்புறம்தான் வெளிச்சத்துக்கு வரணும். சும்மா சும்மா திறந்து பார்க்காதே.

இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நினைப்பே. பிப்ரவரி கடைசி சனிக்கிழமை நூலக மண்டபத்துல கிண்ணப் பூப் போட்டி. மூணு வருஷமா மேல்வீட்டுப் பல் டாக்டர், அதான் நான் பல்லம்மான்னு சொல்வேனே, அவதான் கோப்பையைத் தூக்கிட்டுப் போறா. மூணு வருஷமும் நான் ரெண்டாவது. ஒவ்வொரு தடவையும் என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாங்க"ன்னு சொல்றா, பல்லைப் பிடுங்கிட்டு நோயாளிகிட்ட சொல்ற மாதிரி. அந்தக் கோப்பையில ஜெயிச்சவங்க பேரை வரிசையாப் பொறிப்பாங்க. ஆபீஸ்ல நான் எழுதறதுக்கெல்லாம் மேனேஜர் கையெழுத்துப் போடறார். வீட்டு வாசல்ல அத்தான் பேர் இருக்கு. என் பேர் ஏதாவது ஒரு இடத்துல, ஒரே ஒரு தடவை இருக்கணும்டா. வேற ஆசை எனக்கு இல்லை.

இந்த வருஷம் அவ வாங்கின அதே கடையில, அதே நீலக் கிழங்கு, அதே வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வாங்கியிருக்கேன். அவ கிழங்கு ஒசத்தி, கிண்ணம் ஒசத்தின்னு இனி யாரும் பேச முடியாது பாரு. போன வருஷம் உன் பேர்லயும் ஒண்ணு வைக்கப் பார்த்தேனே, "ஒரு குடும்பத்துக்கு ஒரு கிண்ணம்தான், கூடப் பிறந்தவரும் குடும்பம்தான்"னு நூலகர் திருப்பி அனுப்பிட்டார். அதனால மூணுல ஒண்ணு நல்லா வந்தாப் போதும்.

கடைசியா ஒண்ணு. பல்லம்மாகூடப் பேச்சு வச்சுக்காதே. நீ வாயைத் திறந்தா உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வந்துடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


நவம்பர் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. நான் நல்லா இருக்கேன். சளி போயிடுச்சு. அத்தானோட முட்டியைக் கேட்டதாச் சொல்லு.

கிண்ணங்கள் நல்லா இருக்கு. இருட்டா இருக்கு, குளிரா இருக்கு, பத்திரமா இருக்கு. தண்ணி தொட்டும் தொடாம நிக்குது.

இங்கே வேலை ஜாஸ்தி. நம்ம கட்டட லிஃப்ட் நடுவுல நின்னு நின்னு போகுது. கன்னம் வீங்கினவங்கல்லாம் படியேறி வர வேண்டியிருக்குன்னு பல் டாக்டர் புகார் சொன்னாங்க. நான் பேச்சு வச்சுக்கலை. "சரிங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.
தம்பி


நவம்பர் 13

அன்புத் தம்பிக்கு,

நாங்க சௌக்கியம். உன் சளி போனதுல சந்தோஷம்.

இப்ப நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு. இருபது வருஷமா க்ளெய்ம் பார்க்கறவ நான். கடை எரிஞ்சு போச்சுன்னு பக்கம் பக்கமா எழுதறவன், உள்ளே சரக்கு இருந்துச்சான்னு மட்டும் எழுத மாட்டான். உன் கடிதத்துல இருட்டு இருக்கு, குளிர் இருக்கு, பத்திரம் இருக்கு. அலமாரி எங்கேடா? அந்த வார்த்தையே இல்லையே! என் கிண்ணத்தை எங்கே வச்சிருக்கே?

அடுத்தது, அவ கிழங்கு எந்த நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். முன்னறையில க்ளினிக், பின்னாடி வீடு. வழக்கமா க்ளினிக் மூலையில கறுப்புத் துணி போட்டு மூடி வச்சிருப்பா. பல் வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போ. பேச்சு வச்சுக்காதேன்னு நீதானே சொன்னேன்னு திருப்பிக் கேட்காதே. நோயாளி எங்கே பேசப் போறான், வாயைத் திறந்து வச்சாப் போதும். நாற்காலியில படுத்துக்கிட்டே கண்ணைச் சுத்து. வேர் எவ்வளவு நீளம், மூக்கு வந்திருக்கான்னு பார்த்து எழுது.

அக்கா

தம்பி, அவ சொல்றபடி செஞ்சுடு. நான் அப்படித்தான் காலம் தள்றேன். – அத்தான்


நவம்பர் 29

அக்காவுக்கு,

நான் நலம். கோபப்படாமப் படி. அத்தானையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோ.

உன் அலமாரிக்குப் பின்னாடி சுவர்ல வெந்நீர்க் குழாய் ஓடுது. குளிர் ஆரம்பிச்சு ஹீட்டரைப் போட்டதும் உள்ளே இருக்கற துணியெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி சூடாயிடுது. கிழங்கு வெந்துடும்னு பயந்துட்டேன். கட்டிலுக்கு அடியிலயும் சூடு. பால்கனியில வெளிச்சம். இந்தக் கட்டடத்துலயே குளிரும் இருட்டும் சேர்ந்தாப்ல இருக்கற இடம் ஒண்ணே ஒண்ணுதான், அதோட சாவி என்கிட்டதான் இருக்கு. லிஃப்ட் குழி. கீழ்த்தளத்துக்கும் கீழே, கூண்டு வந்து நிக்கற இடத்துக்கு அடியில. மூணு கிண்ணத்தையும் சுவர் ஓரமா ஒரு பெட்டி மேல வச்சிருக்கேன். கூண்டு ஏறி இறங்கறப்ப கொஞ்சம் காத்தடிக்கும், அவ்வளவுதான். மெயினை அணைச்சுட்டுத்தான் குழியில இறங்கறேன், பயப்படாதே.

பல் டாக்டர்கிட்ட போனேன். வலிக்குதுன்னு சொன்னேன். எந்தப் பல்லுன்னு கேட்டாங்க. அதை நீ எழுதலையே! குத்துமதிப்பா ஒண்ணைக் காட்டினேன். அது நல்லா இருக்காம். அதுக்குப் பக்கத்துல இருக்கறதுதான் சொத்தையாம். எனக்கே தெரியாது. அடைச்சு விட்டாங்க. நீ சொன்ன மாதிரி கண்ணைச் சுத்தினேன். "மயக்கம் வருதா?"ன்னு கேட்டு நாற்காலியை நல்லா மல்லாக்கச் சாய்ச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நான் பார்த்தது கூரையை மட்டும்தான். கூரை சுத்தமா இருக்கு.

மூலையில கறுப்புத் துணி இருந்துச்சு. உள்ளே என்னன்னு தெரியலை. இந்த வருஷம் வீட்ல சூடு தாங்கலை, எதை எங்கே வைக்கறதுன்னே தெரியலைன்னு அவங்களாவே சொன்னாங்க. என் வாயில பஞ்சு இருந்ததால நான் ஒண்ணும் சொல்லலை.

மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க. கெட்டவங்க மாதிரி தெரியலைக்கா. ஊசி போடறப்ப "இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டே போட்டாங்க.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

லிஃப்ட் குழியா! அடப்பாவி, என் மூணு வருஷத் தவிப்பைக் கொண்டுபோய்க் குழியில இறக்கிட்டியேடா! கடிதத்தைச் சத்தமாப் படிச்சேன். உன் அத்தான் சிரிச்ச சிரிப்புல முட்டி வலியே மறந்து போய் எழுந்து நடந்தார்.

ரெண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, போன வருஷம் ஏன் என் பூ குட்டையா, அரைகுறையா வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. அலமாரியில வச்சு அவிச்சிருக்கேன். போகட்டும், குழியிலயே இருக்கட்டும். கிரீஸ் கையோட தொடாதே. இந்த விஷயத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதே. வீடு சூடுன்னு அவ எதுக்குச் சொன்னான்னு நினைச்சே? உன் வாயைப் பிடுங்கத்தான்.

உளவு பார்த்துட்டு வாடான்னு அனுப்பினா கூரையைப் பார்த்துட்டு வந்திருக்கே. கூரையிலயா கிழங்கு வளருது? மறுபடி போ. நாற்காலியைச் சாய்க்கறதுக்கு முன்னாடியே பார்த்துடு. அப்புறம், ஊசி போடறப்ப எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்வாங்க. ரொம்ப உருகாதே.

குளிர் அதிகமாமே, கம்பளிச் சட்டை போட்டுக்கோ.
அக்கா


ஜனவரி 6

அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. நடுவுல லிஃப்ட் ஆய்வாளர் வந்துட்டுப் போனார். அதுல கொஞ்சம் அலைச்சல். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு நல்லா இருக்கும்னு நம்பறேன்.

கிண்ணம் எல்லாம் பத்திரம். எல்லாத்துலயும் மூக்கு வந்திருக்கு. சிலதுல மொட்டும் எட்டிப் பார்க்குது.

டாக்டரோட கிண்ணங்களைப் பத்திக் கேட்டிருந்தே. அது இப்ப அவங்க வீட்ல இல்லை. கறுப்புத் துணிக்கு அடியில பழைய பத்திரிகைதான் இருக்கு. அவங்களே தூக்கிக் காட்டினாங்க.

பல்லு விஷயம் என்னன்னா, மேல் வரிசை முடிஞ்சுது. கீழே இடது பக்கம் நடந்துட்டிருக்கு. நான் சின்ன வயசுல இருந்தே ஒரே பக்கமா மெல்றேன்னு டாக்டர் சொல்றாங்க. நாமல்லாம் ஒரே மேசையில எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கோம், ஒருத்தரும் இதைக் கவனிச்சதில்லை. நீகூட.

உன் இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கு? சட்டைக்கு வேணும்.

தம்பி


ஜனவரி 14

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம்.

மொட்டு வந்த செய்தியைப் படிச்சுட்டு ஆபீஸ்ல ஒரு வெள்ளச் சேதக் க்ளெய்மை ஒரு கேள்விகூடக் கேட்காம விட்டுட்டேன். அவ்வளவு சந்தோஷம். இனி மெதுவா வெளிச்சத்துக்குக் கொண்டு வா. முதல்ல நடைவழி, அப்புறம் ஜன்னல்.

ஆனா அவ கிண்ணம் வீட்ல இல்லைன்னா எங்கே போச்சு? யாரோ தோட்டக்காரனைப் பிடிச்சு அவன் வீட்ல வச்சிருக்கா. கண்டுபிடி. துணியைத் தூக்கிக் காட்டினாளாம், எவ்வளவு தைரியம் பாரு. உனக்கு இருக்கறதே முப்பத்திரண்டு பல்லு, எல்லாம் தீர்றதுக்குள்ள விஷயத்தைக் கறந்துட்டு வா.

இஸ்திரிப் பெட்டி சமையலறைப் பரண்ல இருக்கு.
அக்கா

தம்பி, கடிதத்தைத் தபால்ல போட என்னை அனுப்பியிருக்கா, அதனால தைரியமா எழுதறேன். அந்த இஸ்திரிப் பெட்டி சட்டையைக் கருக்கிடும், புதுசா ஒண்ணு வாங்கிக்கோ. ஊர்ப் பொய்யையெல்லாம் கண்டுபிடிக்கறவளுக்கு இது இன்னும் புரியலை. நானும் சொல்லலை. – அத்தான்


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இதை எழுத ஆரம்பிச்சு நாலு தாளைக் கிழிச்சுட்டேன். இப்ப ஒரே மூச்சுல எழுதிடறேன்.

லிஃப்ட் குழியில இருந்தது மூணு கிண்ணம் இல்லை. ஆறு.

ரெண்டாவது தடவை பல்லுக்குப் போனப்ப, வீட்டுச் சூட்டுல இந்த வருஷம் கிழங்கெல்லாம் வீணாயிடும்னு டாக்டர் சொல்லிட்டு, சொத்தையைச் சுரண்டறதையே நிறுத்திட்டு ஜன்னலைப் பார்த்துட்டு நின்னாங்க. என் வாய் பாதி மரத்துப் போயிருந்துச்சு. அப்பவும் எப்படியோ குழியைப் பத்திச் சொல்லிட்டேன். அவங்க மூணையும் உன்னுது பக்கத்துலயே வச்சுட்டேன்.

அப்புறம் ஆய்வாளர் வந்தார்னு எழுதினேன் இல்லையா? சொல்லாம கொள்ளாம வந்துட்டார். லிஃப்ட் குழியில பூந்தோட்டம் வச்சிருக்கறவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்? அவர் மாடியில மோட்டாரைப் பார்த்துட்டிருந்த நேரத்துல ஆறையும் அள்ளிக்கிட்டுப் படியேறினேன். உன் வீட்டுச் சாவி கருவிப் பையில, பை குழியில. நேரா க்ளினிக்குள்ள நுழைஞ்சேன். அங்கே காத்துட்டிருந்தவங்க மடியில ஆளுக்கு ஒண்ணா வச்சேன். "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோங்க, வெளிச்சம் படக்கூடாது"ன்னேன். டாக்டர் ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கிண்ணத்து மேல மூடிட்டு, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாங்க. ஆய்வாளரை அனுப்பிட்டுத் திரும்பி வந்து பார்க்கறேன், கன்னம் வீங்கினவங்கல்லாம் பிள்ளையைத் தூங்க வைக்கற மாதிரி அசையாம உட்கார்ந்திருக்காங்க. ஆனா உள்ளே போனவர் தன் கிண்ணத்தை அடுத்தவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கார், அவர் அதுக்கு அடுத்தவர்கிட்ட. எது உன்னுது, எது அவங்களுதுன்னு எனக்குத் தெரியலை. கடை ஒண்ணு, கிழங்கு ஒண்ணு, கிண்ணம் ஒண்ணு. நீதானே பார்த்துப் பார்த்து வாங்கினே!

டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. "இருக்கட்டும், பூக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னாங்க. இப்ப ரெண்டு அழுகிடுச்சு, ரெண்டு குட்டையா நிக்குது. ரெண்டு நல்லா வந்திருக்கு. அதுல ஒண்ணு, அக்கா, நீ பார்க்கணும். கிண்ணத்தை விட்டு ஒரு சாண் மேல நிமிர்ந்து நிக்குது. திறந்தா வீடு முழுக்க வாசனை வரும்.

இன்னொரு விஷயம். நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கோம். போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை, பதிவு அலுவலகத்துல. அவங்கதான் அந்தத் தேதியைச் சொன்னாங்க. கூடப் பிறந்தவன் குடும்பம்னா அவன் பொண்டாட்டியும் குடும்பம்தானே? குடும்பத்துக்கு ஒரு கிண்ணம். அவங்க விலகிக்கறாங்களாம். யாரோடதுன்னு சண்டையே இல்லை, இருக்கறதுல நல்லதை உன் பேர்ல கொடுத்துடலாம். கோப்பை உனக்குத்தான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயசாகுதுக்கா. வாயைத் திறந்தா உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வந்துடும்னு நீ சொன்னே. வந்துடுச்சு.

தம்பி


பிப்ரவரி 5, விரைவுத் தபால்

டேய்,

நலம் விசாரிக்க நேரம் இல்லை.

கடிதத்தைப் படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். அத்தான் "எனக்கு அப்பவே தெரியும்"னார். அவர்கிட்ட நான் பேசறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன். இஸ்திரிப் பெட்டியைக் கேட்டிருக்கே, பரண்ல இருக்குன்னு பதில் எழுதியிருக்கேன். நானெல்லாம் ஒரு க்ளெய்ம் ஆபீசர்!

சந்தோஷம்டா. நிஜமாச் சொல்றேன், அழுதுட்டேன். உனக்கு எத்தனை பேரைக் காட்டினேன், ஒருத்தியையாவது நிமிர்ந்து பார்த்தியா? இவளை மல்லாந்து படுத்துட்டே பார்த்திருக்கே. இருக்கட்டும். ஒரே பக்கமா மெல்றதைக்கூடக் கவனிச்சவ உன்னை நல்லாத்தான் பார்த்துப்பா.

ஆனா அந்த யோசனை எனக்கு வேண்டவே வேண்டாம். அவ ஒதுங்கிக்கிட்டு நான் கோப்பையை வாங்கறதா? எதிரே ஆளே இல்லாம ஜெயிச்சு என் பேரைப் பொறிச்சுக்கவா மூணு வருஷமாத் தவிச்சேன்? அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே ஜெயிக்கணும்டா. கல்யாணத்தைத் தள்ளிப் போடு. போட்டி சனிக்கிழமை, கல்யாணம் திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவ குடும்பம் வேற, என் குடும்பம் வேற. நீயும் அதுவரைக்கும் என் தம்பி மட்டும்தான்.

நல்லா வந்திருக்கற ரெண்டையும் ஆளுக்கு ஒண்ணாப் பங்கு போடு. அவளே முதல்ல எடுக்கட்டும். நான் எடுத்தா கீழ்வீட்டுக்காரி நல்லதைச் சுருட்டிட்டான்னு பேர் வரும். அந்தப் பெருசை அவ எடுத்துக்கிட்டாலும் எனக்குக் கவலையில்லை. சின்னதை வச்சே ஜெயிச்சுக் காட்டறேன்.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வரேன். அதுவரைக்கும் அவ எனக்குப் பல்லம்மாதான்னு சொல்லிடு.

அக்கா

தம்பி, என்கிட்ட பேசறதில்லைன்னு சொல்லிட்டு காலையில இருந்து திட்டிட்டிருக்கா. கல்யாணத்துக்கு நான் எந்தச் சட்டை போட்டுக்கறதுன்னும் அவதான் சொல்லியிருக்கா. வாழ்த்துகள். – அத்தான்


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் வர்ற நாளை எண்ணிட்டிருக்கோம்.

நீ சொன்னபடியே பதிவைத் திங்கட்கிழமைக்கு மாத்தியாச்சு. போட்டிக்காகவா தள்ளிப் போடறீங்கன்னு பதிவு அலுவலகத்துல கேட்டாங்க. ஆமான்னேன். என்ன போட்டின்னு கேட்டாங்க. சொன்னதுக்கப்புறம் வேற எதுவும் கேட்கலை.

பங்கும் போட்டாச்சு. ரெண்டு கிண்ணத்தையும் மேசையில வச்சு, "நீங்க முதல்ல எடுங்க, அக்கா உத்தரவு"ன்னேன். டாக்டர் ஒண்ணைக் கண்ணுக்கு மேல தூக்கி அடியைப் பார்த்தாங்க. அப்புறம் இன்னொண்ணைத் தூக்கிப் பார்த்தாங்க. ஒழுகுதான்னு பார்க்கறாங்க போல. ரெண்டையும் கீழே வச்சுட்டு, "சின்னது எனக்கு, பெருசு அக்காவுக்கு"ன்னாங்க. ஏன்னு கேட்டேன். சின்னதுல பூ நெருக்கமா இருக்காம், நடுவர்களுக்கு அதுதான் பிடிக்குமாம். எனக்கு என்ன தெரியும்?

உன்னை அக்கான்னுதான் சொன்னாங்க, திங்கட்கிழமைக்கு முன்னாடியே. திருத்தட்டுமா, விட்டுடட்டுமா?

தம்பி


மார்ச் 16

பல்லம்மாவுக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். வேற எதுவும் வாயில வர மாட்டேங்குது. இப்படியே இருக்கட்டும். நீ நல்லா இருக்கியா? அவன் ரெண்டு பக்கமும் மெல்றானா? நாங்க இங்கே திரும்பி வந்து சேர்ந்து, தேங்கின வேலையெல்லாம் பார்த்துட்டு இன்னைக்குத்தான் பேனாவைத் தொடறேன்.

போட்டியன்னைக்கு என் பேரைக் கூப்பிட்டப்ப எனக்குக் காலே நகரலை, அது உனக்குத் தெரியும், நீதானே பின்னாடி இருந்து தள்ளினே. திரும்பி வந்து உன் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாங்க"ன்னு சொன்னேன். மூணு வருஷமாக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்த வசனம். நீ "சரிங்க"ன்னு தலையாட்டினே. எவ்வளவு நல்லா நடிச்சிருக்கே!

பூ வாடினப்புறம் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். அடியில, விளிம்பு ஓரமா, மிளகு அளவுக்கு வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சு. நகத்தால சுரண்டினேன், போகலை. கத்தியால சுரண்டினேன், கத்திதான் மழுங்குச்சு. அத்தான் வாங்கிப் பார்த்தார். நாக்கால தன் கடைவாயைத் தடவிப் பார்த்துட்டு, "என் பல்லை அடைச்சிருக்கற சிமென்ட்டும் இதே மாதிரிதான் இருக்கு"ன்னார்.

நான் வாங்கின கிண்ணத்துல பல் சிமென்ட் எங்கே இருந்து வரும்?

குழியில வைக்கக் கொடுக்கறதுக்கு முன்னாடியே உன்னுதுல அடையாளம் வச்சிருக்கே. அந்த மடையன் கலந்துட்டேன்னு வந்து நின்னப்ப, தூக்கிப் பார்த்தா ஒரு நொடியில பிரிச்சிருக்கலாம். சிரிச்சுட்டு விட்டுட்டே. பங்கு போடறப்ப அடியைத் தூக்கிப் பார்த்தே, பெருசு உன்னுதுன்னு தெரிஞ்சே என் பக்கம் தள்ளிட்டே. இருபது வருஷமா ஏமாத்தறவங்களைத்தான் பார்க்கறேன். இல்லாததை இருக்குன்னு எழுதுவாங்க, அடுத்தவங்களுதைத் தன்னுதுன்னு எழுதுவாங்க. தன் பொருளை எடுத்து அடுத்தவ பேர்ல எழுதி வைக்கற க்ளெய்ம் இதுவரைக்கும் என் மேசைக்கு வந்ததில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. கோப்பையைத் திருப்பி அனுப்பிடலாம்னு அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்துட்டேன். அப்புறம் பெட்டிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன். ஏன் இப்படிச் செஞ்சேன்னு உன்னைக் கேட்க மாட்டேன். கேட்டா நீ பதில் சொல்லுவே, அப்புறம் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அது இன்னும் எனக்குப் பழகலை.

அடுத்த வருஷம் விதிப்படி நமக்கு ஒரே கிண்ணம்தான். அதை உன் பேர்ல கொடு. கிழங்கை நான் வாங்கறேன், குழியை அவன் பார்த்துக்கட்டும். அடியில சிமென்ட் கிமென்ட் வச்சே, நடக்கறதே வேற.

கோப்பையை இங்கே ஜன்னல் ஓரமா வச்சிருக்கேன். உன் பேர் மூணு தடவை, அதுக்குக் கீழே என் பேர். தினமும் துணி எடுத்துத் துடைக்கறேன். நாலு வரியையும்தான் துடைக்கறேன்.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்லாதே. கிண்ணம் ஒழுகுதான்னு பார்த்தேன்னு அவன் இன்னும் நம்பிட்டிருக்கான். நம்பட்டும்.

உடம்பைப் பார்த்துக்கோ. சீக்கிரம் பதில் போடு.

உன் நாத்தனார்